ராஸ் கற்ற ஐந்து பேர்: செங்கோட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழு சீட்டு ஸ்டட் போக்கரைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது ராஸ். மிகச் சிறிய ஐந்து சீட்டுகளை வைத்திருப்பவரே அதில் வெல்வார். ரம்மியும் இருபத்தெட்டும் மட்டுமே ஆடிப் பழகிய ஐந்து பேருக்குத் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் ஒரு சாரல் பருவம் முழுவதும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் எங்கே தடுமாறினார்கள், எது எளிதாகப் படிந்தது, எது இன்னும் படியவில்லை என்பதை அவ்வப்போது குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளை வைத்தே இதை எழுதுகிறேன். சிறிய சீட்டுக்கே மதிப்பு என்ற விதிதான் புதியவர்களைக் குழப்பும் என்று பொதுவாக எண்ணுவார்கள். அது ஒரே மாலையில் பழகிப்போனது. மேஜையில் திறந்து கிடக்கும் பிறருடைய சீட்டுகளையும் தன் கையின் கணக்கில் சேர்த்துப் படிப்பதற்குத்தான் பருவத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் கற்றவர்களின் பழக்கங்கள் ஊரிலிருந்தே வந்தன. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. இன்றும் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதை கேரளத்துக்குள் இறங்குகிறது, அங்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அதனால் இந்தப் பக்கத்துத் தார்சாக்களில் பதின்மூன்று சீட்டு ரம்மி நடக்கும் அதே நேரத்தில், அடுத்த திண்ணையில் மலையாளக் கரையின் இருபத்தெட்டு நடந்துகொண்டிருக்கும். எங்கள் மேஜையில் என்னைச் சேர்த்து ஆறு பேர் அமர்ந்தோம்: எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர், விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேத்தி, புளியரையில் லாரி செட்டில் கணக்கு எழுதுபவர், ஆரியங்காவு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர், அவருடைய மைத்துனர். அண்ணாச்சி ரம்மியில் பழுத்தவர். தோட்டத்துக்காரருக்கு இருபத்தெட்டுதான் உயிர்.

விதிகள் அதிகம் இல்லை. முன்பந்தயமாக ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை நடுவில் வைத்த பின், ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியும் ஒரு சீட்டு திறந்தும் போடப்படுகின்றன. திறந்த சீட்டுகளில் எது மிகப் பெரியதோ அதை வைத்திருப்பவர் கட்டாயமாகத் தொடக்கப் பந்தயம் கட்ட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் இருந்தால் இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்ற வரிசையில் மூத்த இனம் வைத்திருப்பவர் கட்டுவார். ஏஸ் இங்கே எப்போதும் ஒன்று, ஆகவே ராஜாவே எல்லாவற்றிலும் பெரிய, எல்லாவற்றிலும் மோசமான சீட்டு. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டுகள் திறந்தும் ஏழாவது மூடியும் வரும். முதல் மூன்று சீட்டு போட்டதும் ஒன்றும், பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்றுமாகப் பந்தயச் சுற்றுகள் உண்டு. கையிலுள்ள சீட்டின் எண்ணிக்கையே சுற்றின் பெயர், ஆகவே முதல் சுற்றே மூன்றாம் சுற்று. நான்காம் சுற்றிலிருந்து திறந்த சீட்டுகள் மிகச் சிறியதாக இருப்பவர் முதலில் பேச வேண்டும். மூன்றாம், நான்காம் சுற்றுகளில் சிறிய பந்தயம். ஐந்தாவதிலிருந்து அது இரட்டிப்பாகிறது. இறுதியில் ஏழில் ஐந்தைத் தேர்ந்து காட்ட வேண்டும். வரிசையாக இருப்பதோ ஒரே இனமாக இருப்பதோ கையைக் கெடுக்காது. ஜோடி மட்டுமே கெடுக்கும். ஆகவே 5-4-3-2-ஏஸ் தான் உச்சம்.

லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரில் அடுத்த ஆண்டிலேயே ராஸ் இடம்பெற்றுவிட்டது. டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்துக்குப் பெயர்போன பில் ஹெல்முத் 2012இலும் 2015இலும் அத்தொடரில் ராஸ் பட்டங்களை வென்றார். ஐந்து ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் 'ஹார்ஸ்' வகையில் நடுவில் வருவதும் இதுதான்.

நாங்கள் காசு வைத்து ஆடவில்லை. 1930ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும் 1960ஆம் ஆண்டுக் கேரளச் சூதாட்டச் சட்டமும் ஒரு காரணம். இணையத்தில் பணம் வைத்து ரம்மி ஆடிக் கடனில் மூழ்கிய வீடுகளை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம். தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது, 2025இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ராஸ் கற்பதற்குப் பணம் தேவையே இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை கொடுத்தோம். முன்பந்தயம் ஒன்று, தொடக்கப் பந்தயம் இரண்டு, சிறிய பந்தயம் நான்கு, பெரிய பந்தயம் எட்டு. ஆனால் கொட்டைக்கு மதிப்பில்லை என்று நினைத்தவுடன் எல்லோரும் எல்லாக் கைகளையும் கடைசிவரை ஆடினார்கள், ஆட்டம் வெறும் குலுக்கலாகிவிட்டது. தோட்டத்துக்காரர் இருபத்தெட்டின் வழக்கத்தைக் கொண்டுவந்தார்: அன்றைக்குக் குறைவான கொட்டையுடன் எழுபவர் மறுநாள் முதல் கட்டு முடியும்வரை காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். அண்ணாச்சியின் காதில் பலாவிலைக் குணுக்கு ஏறிய பிறகு எவரும் தேவையற்ற கையை ஆடவில்லை.

தலைகீழ் விதி ஏன் இத்தனை எளிதாகப் படிந்தது என்பதற்கு இருபத்தெட்டில் விடை இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரியது, அதற்கு அடுத்தது ஒன்பது, அதன் பிறகே ஏஸும் பத்தும் வரும். ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே கிடையாது. சீட்டின் மதிப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்று அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஒரே ஒரு சிக்கல்தான் எழுந்தது, அது கைகளை ஒப்பிடுவதில். தோட்டத்துக்காரர் 8-7-6-5-4 என்று காட்டினார், அண்ணாச்சி 9-4-3-2-ஏஸ் என்று காட்டிவிட்டுக் கொட்டைகளை அள்ளக் கைநீட்டினார். ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு அவரிடம் இருக்கும்போது தோற்றார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ராஸில் கையை மேலிருந்து படிக்க வேண்டும்: மிகப் பெரிய சீட்டு யாருக்குச் சிறியதோ அவரே வெல்வார், அது சமமானால்தான் அடுத்த சீட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து சீட்டுகளையும் பெரியதிலிருந்து வரிசையாக வைத்து ஒரே எண்ணாக வாசிக்கச் சொன்னேன். எண்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பத்து நான்கு. தொண்ணூற்று நான்காயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. மணியார்டர் தொகையை வாசித்தே பணிக்காலத்தைக் கழித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை, மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே வாசிக்கத் தொடங்கினார்கள்.

செத்த சீட்டு

எந்த மூன்று சீட்டோடு ஆட்டத்துக்குள் போகலாம் என்பதற்கு நூல்கள் தரும் பொதுவான எல்லை, எட்டுக்கு மேற்படாத மூன்று வெவ்வேறு எண்கள் என்பது. 52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அவற்றில் 3,584 மட்டுமே இந்த எல்லைக்குள் வரும், அதாவது சுமார் 16 சதவீதம். ஆறு பேர் அமர்ந்த மேஜையில் சராசரியாக ஒருவருக்குத்தான் அப்படிக் கை வாய்க்கும். இதை அவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் மனப்பாடம் செய்ததாலேயே ஒரு தவறான நம்பிக்கையும் வளர்ந்தது: ஏஸ்-2-3 வந்தால் எப்போதும் பந்தயத்தை ஏற்ற வேண்டும், 7-4-2 வந்தால் எப்போதும் தயங்க வேண்டும்.

ஒரு மாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு கைகள் இந்த நம்பிக்கையைச் சோதித்தன. முதல் கையில் அண்ணாச்சிக்கு மூடியவை ஏஸும் இரண்டும், திறந்தது மூன்று. எதிரே மற்ற ஐவருக்கும் திறந்திருந்தவை 4, 5, 5, 6, 8. அவர் தயங்காமல் ஏற்றினார், நான்காம் சீட்டாக ராணி வந்தது, ஐந்தாவதாக ஜாக்கி, இரண்டு சுற்றிலும் விடாமல் கொட்டை கட்டித் தோற்றார்.

"ஏஸ், ரெண்டு, மூணு வச்சிருந்தேன் வே. இதுக்கு மேல என்ன கை வேணும்?" என்று கணக்கரிடம் கேட்டார்.

பேத்திதான் பதில் சொன்னாள்: "தாத்தா, உங்களுக்கு வேண்டிய சீட்டெல்லாம் எதிர்ல செத்துக் கெடந்துச்சுல்லா."

அவள் சொன்னதைத் தாளில் போட்டுப் பார்த்தோம். அண்ணாச்சியின் மூன்றையும் எதிரே தெரிந்த ஐந்தையும் கழித்தால், அவர் பார்க்காத சீட்டு 44. அவருக்கு நல்லவை 4 முதல் 8 வரை, மொத்தம் 20. அவற்றில் ஐந்து ஏற்கெனவே மேஜையில் கிடந்ததால் மீதம் 15. அடுத்த சீட்டு நல்லதாக வரும் வாய்ப்பு 34 சதவீதம்தான். அவருக்கு ஜோடி சேர்த்துக் கெடுக்கும் ஏஸ், இரண்டு, மூன்று ஆகிய ஒன்பதும் ஒன்றுகூட வெளியே வராமல் கட்டுக்குள்ளும் பிறர் கையிலும் உயிரோடு இருந்தன. அது 20 சதவீதம்.

அடுத்த கையில் பேத்திக்கு மூடியவை 7, 4, திறந்தது 2. எதிரே ராஜா, ராணி, 2, 4, 7. அவளுக்கு நல்லவையான ஏஸ், 3, 5, 6, 8 ஆகிய இருபதும் முழுதாக மிச்சம்: 44இல் 20, அதாவது 45 சதவீதம். ஜோடி சேர்க்கக்கூடிய ஒன்பதில் மூன்று எதிரே செத்துக் கிடந்தன. மீதம் ஆறு, அதாவது 14 சதவீதம். ஏஸ்-2-3 இறுதியில் அழகான கையாக முடியலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மேஜையில், அந்தத் திறந்த சீட்டுகளுக்கு எதிரே, 7-4-2 நல்ல வழியில் நடக்கும் வாய்ப்பு கூடுதல். அதோடு முதல் கையில் எதிரிகள் ஐவரும் சிறிய சீட்டையே காட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டாவதில் இருவர் ராஜாவோடும் ராணியோடும் நின்றார்கள்.

இதன் பிறகு ஒரு பயிற்சியை வகுத்தேன். மூன்றாம் சுற்றில் பந்தயம் கட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் மனத்துக்குள் இரண்டு எண்களை எண்ண வேண்டும்: வேண்டியதில் எத்தனை போயிற்று, வேண்டாததில் எத்தனை போயிற்று. கை முடிந்ததும் அவற்றை உரக்கச் சொல்ல வேண்டும். "வேண்டியது அஞ்சு போச்சு, வேண்டாதது ஒண்ணும் போகல" என்று சொல்ல நேர்ந்தால், எத்தனை அழகான மூன்று சீட்டாக இருந்தாலும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை நிதானிக்க வேண்டும்.

ராஸில் இன்னொரு கடினம் உண்டு: ஒருவர் விலகியவுடன் அவருடைய திறந்த சீட்டும் கவிழ்ந்துவிடும். அதன் பிறகு அதை நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லோரையும்விடத் தோட்டத்துக்காரர் சிறந்து விளங்கினார். இருபத்தெட்டில் 32 சீட்டும் நான்கு பேர் கையில் பிரிந்துவிடும், எந்த இனத்தில் எது விழுந்தது என்று நினைவில் வைக்காதவன் அதில் துருப்பைத் திறக்கவே முடியாது. ஐந்தாம் சுற்றில், "மூணு சீட்டுக்கு முன்னாடி எங்க மச்சான் கவுத்தது ஆட்டின் ஆறு" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது மற்ற நால்வரும் அதை மறந்திருந்தார்கள். அண்ணாச்சிக்கும் இந்தத் திறன் உண்டு. ரம்மியில் எதிராளி எடுத்ததையும் போட்டதையும் வைத்து அவர் கையை எழுதிக் காட்டுவார். ஆனால் ரம்மியில் எதிராளிக்கு எது வேண்டும் என்று அறிய அவர் சீட்டைப் பார்த்தார்; தனக்கு எது வராது என்று அறிய அதே சீட்டைப் பார்க்கும் திசைக்குத் திரும்ப அவருக்குக் காலம் பிடித்தது. கற்பிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். நினைவாற்றல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மட்டும் காட்ட வேண்டும்.

தோட்டத்துக்காரரிடமும் ஒரு பழைய பழக்கம் ஒட்டியிருந்தது. இருபத்தெட்டில் எதிரே அமர்பவர் கூட்டாளி. ராஸில் எதிரே அமர்ந்திருந்த மைத்துனர் பந்தயம் கட்டினால் இவர் ஏற்றமாட்டார். இடத்தை மாற்றி உட்கார வைத்ததும் அது போய்விட்டது.

ஐந்தாம் சுற்றின் விலை

பந்தயம் நான்கிலிருந்து எட்டாகும் ஐந்தாம் சுற்றில்தான் ராஸின் பெரும்பாலான கொட்டைகள் கைமாறின. அண்ணாச்சி ராணியும் ஜாக்கியும் வந்த பிறகும் தொடர்ந்தது இங்கேதான் அவருக்கு நட்டமாயிற்று. இதற்கு நான் ரம்மியின் கணக்கையே எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஆடும் ரம்மியில் சீட்டு எடுக்கும் முன் ஸ்கூட் போட்டு விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை போகும். மோசமான கையை முதலிலேயே விடுவது அவமானமல்ல, மலிவு என்பதை அவர்கள் ரம்மியில் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்து வந்தார்கள். ராஸில் மூன்றாம் சுற்றில் விலகுவது முதல் ஸ்கூட், நான்காம் சுற்றில் எதிரிக்கு நல்ல சீட்டும் தனக்கு ராணியும் வந்தால் விலகுவது நடு ஸ்கூட் என்று சொன்னவுடன் அவர்கள் ஆட்டம் கண்கூடாக மாறியது.

ஆனால் விலகக் கற்றவர்கள் விலகக் கூடாத இடத்திலும் விலகத் தொடங்கினார்கள். அதைக் காட்டிய கை கணக்கருக்கும் பேத்திக்கும் இடையில் நடந்தது. கணக்கருக்குத் திறந்திருந்தவை 6, 8, 9. மூடியவை 5, 7. ஐந்து சீட்டிலேயே 9-8-7-6-5 என்று கை முடிந்துவிட்டது. பேத்திக்குத் திறந்தவை 3, 4, ராஜா. மூடியவை ஏஸ், 2. ராஜா விழுந்ததும், எதிரே முடிந்த கை இருக்கலாம் என்று கண்டு அவள் கவிழ்த்துவிட்டாள். கணக்கரும் முகம் மலர்ந்தார். ஐந்து முதல் ஒன்பது வரை வரிசையாகச் சேர்ந்த கை, ரம்மிக் கண்ணுக்கு அதைவிட நிறைவு வேறில்லை.

இரண்டு கைகளையும் திறந்து வைத்து, விலகியவர்களின் சீட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டோம். இருவரின் பத்தையும் கழித்தால் மீதம் 42. பேத்திக்கு 5, 6, 7, 8, 9 ஆகியவற்றில் எது வந்தாலும் கணக்கரின் இப்போதைய கையை மிஞ்சுவாள். ஒவ்வொன்றிலும் ஒன்று கணக்கரிடம் இருப்பதால் மொத்தம் 15 சீட்டு. அவளுக்கு இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டும். இரண்டும் தவறும் வாய்ப்பு 27/42ஐ 26/41ஆல் பெருக்கக் கிடைப்பது, சுமார் 41 சதவீதம். ஆக 59 சதவீதம் அவளுக்கு வேண்டியது வந்துவிடும். கணக்கரும் ஏஸ் முதல் நான்கு வரை ஏதேனும் வந்து தன் கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதைக் கழித்த பிறகும் அவளுக்கு ஏறத்தாழ 54 சதவீதம் மிஞ்சுகிறது. முடிந்த கையைவிட, இன்னும் முடிவடையாத கை முன்னால் நிற்கிறது. ஒன்பதில் முடியும் கைகளிலேயே மிக மோசமானது 9-8-7-6-5. நான்கு சிறிய சீட்டோ ஏஸ்-2-3-4.

கணக்கர் இந்த எண்ணை நம்ப மறுத்து, அதே பத்துச் சீட்டையும் வைத்துவிட்டு மீதக் கட்டைக் கலைத்துக் கலைத்து இரண்டிரண்டாகப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் போய், கடைசியில் யாருக்கும் பெரிய மிகுதி இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். 'முடிந்துவிட்டது' என்ற நிம்மதி ராஸில் எட்டுக்குக் கீழேதான் நியாயமானது என்ற முடிவுக்கு நான் வந்ததும் அந்த மாலையில்தான்.

சிறிய சீட்டைக் காட்டி, மற்றவர்கள் எல்லோரும் பெரிய சீட்டோடு இருக்கும்போது மூடிய சீட்டுகள் எவையானாலும் ஏற்றி முன்பந்தயத்தை எடுத்துக்கொள்ளும் உத்தியை மைத்துனர் ஒருமுறை பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி அதைச் செய்யவே மாட்டேன் என்றார், கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அவருக்கு ஒப்பவில்லை. அதனால் அவர் ஏற்றினால் எல்லோரும் விலகினார்கள், நல்ல கைக்கும் அவருக்குக் கூலி கிடைக்கவில்லை. இதை நான் வற்புறுத்தவில்லை.

இப்போது மீதமிருப்பது ஏழாம் சீட்டு. அது மூடி வருவதால் அதுவரை சேர்த்த கணக்கெல்லாம் பாதி மறைந்துவிடுகிறது, விலகுவதில் தேர்ந்துவிட்ட அண்ணாச்சி அங்கும் விலகுகிறார். நடுவில் 60 கொட்டை இருக்க, எதிராளி எட்டு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டைக் கட்டினால் 68 கிடைக்க வாய்ப்பு. ஒன்பது முறை கட்டி எட்டு முறை தோற்றாலும் போனது 64, வந்தது 68. ஐந்தாம் சுற்றில் எட்டு கட்டுவது வரப்போகும் இன்னும் இரண்டு எட்டுகளுக்கு வாக்குக் கொடுப்பது, ஏழாம் சுற்றில் அதுவே கடைசிச் செலவு. இரண்டிலும் கட்டுவது அதே எட்டுக் கொட்டை என்பதால் அண்ணாச்சிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. ஆகவே தற்போது ஒவ்வொரு கையிலும் ஏழாம் சீட்டு விழுந்தவுடன், பந்தயத்துக்கு முன் நடுவிலுள்ள கொட்டைகளை எண்ணி எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.